தேர்தலன்று மத்தியானப் படம்

திருவனந்தபுரத்தில் எங்கள் வலியசாலைத் தெருவில் ஞானையன் அண்ணாச்சி ஏறாத மொட்டைமாடி கிடையாது. நுழைந்த வீடு என்று பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. கேபிள்காரர் என்றால் கொல்லைப் பக்கமாக வர வேண்டும், கிணற்றடிச் சுவரில் ஏணியைச் சாத்தி மேலே போக வேண்டும், வேலை முடிந்ததும் வந்த வழியே இறங்கிப் போய்விட வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் வருஷக்கணக்கில் அதுதான் நடந்தது. மாடியில் நின்றுகொண்டு அவர் "தெரியுதா?" என்று கத்துவார். கூடத்தில் டி.வி. முன்னால் இருப்பவர்கள் "தெரியறது" என்று திருப்பிக் கத்துவார்கள். எங்கள் தெருவும் அவரும் பேசிக்கொண்டதையெல்லாம் கூட்டினால் முக்கால்வாசி இந்த இரண்டு வார்த்தைதான்.

அப்படிப்பட்டவர் இரண்டாயிரத்தில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றார். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவள் நான். தெருமுனையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். கீழே என்னுடைய மெஷின்கள், மாடி அறையில் அவருடைய கண்ட்ரோல் ரூம். நாள் முழுக்க நான் கீழே தடதடத்துக்கொண்டிருப்பேன், அவர் மேலே படம் ஓட்டிக்கொண்டிருப்பார். அதனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சொந்த ஊர் குழித்துறைக்குப் பக்கம். மீசை முளைத்ததும் பட்டாளத்துக்குப் போய்விட்டார். சிக்னல்ஸ் பிரிவில் லைன்மேன் வேலை. முகாமிலிருந்து முகாமுக்கு டெலிபோன் கம்பி இழுப்பது, அறுந்தால் ஒட்டுவது, அவ்வளவுதான். சுட்டேன், வீழ்த்தினேன் என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தால் ஏமாந்துதான் போக வேண்டும். எழுபத்தொன்று சண்டையில் மேற்கு எல்லையில் இருந்திருக்கிறார். அதைப் பற்றி ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் மழை விடுவதற்காக என் இன்ஸ்டிட்யூட்டில் ஒதுங்கியபோது.

குண்டு விழுந்து கம்பி இரண்டு இடத்தில் அறுந்துவிட்டதாம். முன்னால் இருந்தவர்களைப் பின்வாங்கச் சொல்ல வேண்டும், சொல்ல வழியில்லை. அறுந்த இடத்தைத் தேடுவதற்குக் கம்பியை உள்ளங்கையில் விட்டு உருவிக்கொண்டே தவழ்ந்து போவார்கள். கை வெறுமையாகிற இடத்தில் அறுப்பு இருக்கும். ஒன்றை இவர் ஒட்டினார். இன்னொன்றுக்கு ராஜமணி என்ற கூட்டாளி போனார். உத்தரவு போய்ச் சேர்ந்தது, முன்னால் இருந்தவர்கள் உயிரோடு திரும்பினார்கள். ராஜமணி திரும்பவில்லை. இதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைன் அறுந்தா எதுக்கு, ஆருக்குன்னு கேக்கப்பிடாது டீச்சரே. போணும்" என்றார். பிறகு மழை விட்டது, போய்விட்டார்.

பட்டாளத்தில் அவருக்குப் பெயர் மதராஸி. ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தால், அங்கே தம்பி குடும்பம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி இவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். மனைவி எலிசாள் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்ததால் இங்கேயே வந்து கிள்ளிப்பாலத்துக்கு இறங்குகிற சந்தில் வீடு பார்த்துக்கொண்டார். அதன்பிறகு ஊரில் அவரைத் திருவனந்தபுரத்துக்காரர் என்றார்கள். இங்கே மலையாளிகள், எந்தத் தமிழனையும் சொல்கிற மாதிரி, பாண்டி என்றார்கள். தமிழ் பேசுகிற எங்கள் தெருவோ, அவர் தமிழைக் கேட்டுவிட்டு, "நாகர்கோவில் தாண்டி எங்கேயோ" என்று கையை வீசிக் காட்டியது. நாகர்கோவிலைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை, அதற்கு முன்னாலேயே அவர் ஊர் வந்துவிடும். யார் கேட்டார்கள்?

தொண்ணூற்றிரண்டில் எங்கள் மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தார். மேலே பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தினார். பக்கத்துச் சாலைக் கடைவீதியிலிருந்து எல்லோரும் அதை வேடிக்கை பார்க்க வந்தார்கள். கம்பி இழுக்கத் தெரிந்த கை, எங்கே இழுத்தால் என்ன? மாடிக்கு மாடி, தென்னைக்குத் தென்னை என்று இழுத்துக்கொண்டே போனார். அடுத்த வருஷம் தமிழ்ச் சானல் வந்ததும் வலியசாலை முழுவதும் அவரைத் தேடி வந்தது. தூர்தர்ஷனில் மலையாளச் செய்தியைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த மாமிகளுக்கு வீட்டுக்குள் தமிழ் வந்து விழுந்தால் சும்மாவா? கம்பெனிக்கு எலிசா விஷன் என்று பெயர். எலிசாள் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு மேலே வந்து உட்கார்ந்தாள். தினம் மத்தியானம் இரண்டு மணிக்கு வீடியோவில் ஒரு தமிழ்ப் படம் போடுவது அவள் ஆரம்பித்த வழக்கம். முதல் நாளே இன்ன படம் என்று எழுதித் திரையில் ஓட விடுவாள். அவள் கையெழுத்தை எல்லா வீட்டிலும் பார்த்தார்கள், அவளைப் பார்த்தவர்கள் குறைவு.

தொண்ணூற்றேழில் எலிசாள் இறந்துபோனாள். புற்றுநோய். உடலை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்த அன்று மத்தியானம் படம் போட்டார். தெருவில் சிலருக்கு அவள் இறந்ததே அடுத்த மாசம்தான் தெரிந்தது. அதுவும் திரையில் ஓடுகிற கையெழுத்து மாறிவிட்டதே என்று விசாரித்தபோது நான் சொல்லித்தான். மகள் ஜெபமலர் மஸ்கட்டில் நர்ஸ். வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாள். மற்ற ஆறு நாளும் அவர் மேலே தனியாகத்தான் இருந்தார். லைன் வேலைக்குச் சுதீஷ் என்று ஒரு மலையாளி இருந்தான், நல்ல ஆள், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். ஆறு மணி அடித்தால் கிளம்பிவிடுவான். அவன் சைக்கிள் போனபிறகு மேலே நாற்காலி நகர்கிற சத்தம்கூடக் கேட்காது. கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருவார். அந்த ஓட்டல்காரனாவது அவரிடம் "என்ன வேணும்" என்று கேட்பானே என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இவர் ஏன் தேர்தலில் நின்றார் என்பதற்கு வருகிறேன். தெருவுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை மழைக்கு மழை பொங்கிக் கொல்லைக்குள் வரும். இதற்காக வார்டு கூட்டம் ஒன்று நடந்தது. ஆளாளுக்கு முனகினார்கள், யாரும் எழுந்து பேசவில்லை. அண்ணாச்சி எழுந்தார். எல்லாக் கொல்லையையும் மேலேயிருந்து பார்த்தவர் இல்லையா, ஓடை எங்கே அடைத்திருக்கிறது, எந்த மதில் தண்ணீரைத் தடுக்கிறது என்று விரலால் காட்டுவது மாதிரி சொன்னார். மேடையில் இருந்த ஒருவர் குறுக்கிட்டு, நீங்கள் எந்த வீடு, இந்த வார்டில் உள்ளவர்தானா என்று மலையாளத்தில் கேட்டார். அண்ணாச்சி திரும்பி எங்களைப் பார்த்தார். அத்தனை பேரும் அவருடைய கேபிளைப் பார்க்கிறவர்கள். ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே. நான் எழுந்து சொன்னேன், ஆனால் டைப்ரைட்டிங் டீச்சர் எதற்குத்தான் எழுந்திருக்க மாட்டாள் என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். சிரித்தார்கள். கூட்டம் வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

மறுநாள் படியிறங்கி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எனக்கு ஒரு காரியம் அறியணும் டீச்சரே. நான் இந்த ஊருக்காரனா, இல்லியா? ஆளாளா போய் கேக்க ஒக்குமா? எலெக்‌ஷன்ல நிண்ணா எல்லாரும் ஒரே நாள்ல சொல்லிப்போடுவாவ."

அதற்கு ஒரு தேர்தலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கையெழுத்துப் போட்டேன்.

சின்னம் டெலிபோன் கேட்டார், குடை கொடுத்தார்கள். மழைக்காலத்தில் குடை மோசமில்லை என்று சுதீஷ் சமாதானம் சொன்னான். இரண்டு பெரிய கட்சிகளும் ஜீப், கொடி, மைக் என்று இறங்கின. அண்ணாச்சி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பட்டாளத்து மெடலைக் குத்திக்கொண்டு நடந்தே போனார். முதல் தடவையாக வாசல் வழியாகப் போனார் என்பதுதான் விசேஷம். வாசலில் நிறுத்திவைத்துத்தான் பேசினார்கள், இருந்தாலும் முன்பக்கம் முன்பக்கம்தானே. மருமகள், பேத்தி என்று பெரிய குடும்பம் வைத்திருந்த பாகீரதி மாமி இரண்டு கையையும் கூப்பி, "நன்னா இருப்பேள். இந்தாத்து ஓட்டு அத்தனையும் உங்களுக்குத்தான், கவலையே படாதேள்" என்று சொன்னாள். அன்று மாடிப்படி ஏறும்போது அவர் மெதுவாக ஏதோ பாடிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. மோசமான குரல்.

சுதீஷுக்கு ஒரு யோசனை இருந்தது. எல்லா வீட்டிலும் நம்முடைய கம்பி ஓடுகிறது, திரைக்கு அடியில் குடைக்கு ஓட்டுப் போடுங்கள் என்று எழுதி ஓட விட்டால் ஜீப்பும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். அண்ணாச்சி கேட்கவே மாட்டேன் என்றுவிட்டார். லைன் எல்லோருக்கும் பொது, தன் சொந்த விஷயத்தை அதில் அனுப்பக் கூடாது என்பது அவர் கட்சி. சிக்னல்ஸ்காரன் லைனில் தன் வீட்டுக்குப் பேசினால் தண்டனையாம். நாங்கள் இருவரும் தலையில் அடித்துக்கொண்டோம்.

சரி, அதைக்கூட மன்னிக்கலாம். படத்தை என்னவென்று சொல்வது?

பாகீரதி மாமிக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் ஆசை. கல்யாணமான புதிதில் பார்த்தது. அக்காளும் தங்கையும் சின்ன வயதில் பிரிந்து, படம் முழுக்க அழுது, கடைசியில் ரயில் நிலையத்தில் ஒன்றுசேர்கிற கதை. இரண்டு வருஷமாகக் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள், மற்ற மாமிகளும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணாச்சி நாகர்கோவில், மதுரை என்று சொல்லிவைத்து எப்படியோ ஒரு கேசட்டை வரவழைத்துவிட்டார். எப்போது போடுவது? தேர்தல் நாளில் எல்லோருக்கும் விடுமுறை, ஆண்களும் வீட்டில் இருப்பார்கள், அன்றைக்குப் போட்டால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். மத்தியானம் இரண்டு மணி. இதை யோசித்தது வேட்பாளர். எனக்குத் தெரிந்தபோது திரையில் மூன்று நாளாக அறிவிப்பு ஓடிவிட்டிருந்தது.

எங்கள் தெருவின் வழக்கம் தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். காலையில் குளியல், பூஜை, சமையல் என்று இருப்பார்கள். ஓட்டுச் சாவடியில் அப்போது கூட்டமும் அதிகம். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மூன்று மணிக்குமேல் நல்ல புடவை கட்டிக்கொண்டு சாவகாசமாகக் கிளம்பிப்போய் ஓட்டுப் போட்டுவிட்டு, அப்படியே கோயிலுக்கும் போய்விட்டு வருவதுதான் காலங்காலமாக நடப்பது. ஐந்து மணிக்குச் சாவடி மூடுவார்கள். படமோ ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். நான் மேலே ஓடிப்போய் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அறிவித்தாகிவிட்டதே என்றார். மேலும், ஓட்டுப் போட நினைக்கிறவர்கள் காலையில் போட்டுவிட்டுப் படம் பார்ப்பார்கள் என்றார். பட்டாளத்துக்காரருக்கு உலகம் முழுக்க விடியற்காலையில் எழுந்து வரிசையில் நிற்கும் என்று நினைப்பு.

தேர்தலன்று விடிந்ததிலிருந்தே மழை. தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சாவடி. விதிப்படி வாசலிலிருந்து தள்ளி எங்கள் மேசை, மேலே ஒரு தார்ப்பாய். நானும் சுதீஷும் அங்கே உட்கார்ந்து பெயர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்து தெரு முழுக்கத் தெரியும். அண்ணாச்சி குடையோடு வந்து பள்ளிக்கூட வாசலருகே நின்றார். எதிர்க்கட்சி ஏஜெண்ட் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டான், வேட்பாளர் சாவடி வாசலில் சின்னத்தைக் காட்டுகிறார் என்று. மழைக்கு எல்லோரும்தான் குடை பிடித்திருந்தார்கள். ஆனால் வாக்காளர் பிடித்தால் அது குடை, வேட்பாளர் பிடித்தால் அது சின்னம் என்றான். போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவன் சொல்வது சரிதான் என்று குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் மழையில் நின்றார். தார்ப்பாய்க்கு அடியில் வரச் சொன்னேன். வருகிறவர்களுக்குத் தன் முகம் தெரிய வேண்டாமா என்று கேட்டார். மெடல் குத்திய சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவரைக் கடந்து போனவர்கள் மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

காலையில் கட்சிக்காரர்கள் தங்கள் ஆட்களை ஆட்டோவில் கொண்டுவந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். சாலைக் கடைவீதியில் வேலை பார்க்கிற எங்கள் பக்கத்துத் தமிழ் ஆட்கள் சிலர் வந்து அண்ணாச்சி கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பாதிப் பேருக்கு ஓட்டு தென்காசியிலும் வள்ளியூரிலும் இருந்தது, சும்மா கை குலுக்கத்தான் வந்திருந்தார்கள். தெரு மத்தியானம் வரும் என்று காத்திருந்தோம்.

இரண்டு மணிக்குச் சுதீஷ் ஓடிப்போய்க் கேசட்டைப் போட்டுவிட்டு வந்தான், படத்தின் டைட்டில் இசை கேட்டது. ஒரு வீட்டிலிருந்து அல்ல, தெரு நெடுக எல்லா வீட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் கேட்டது. மழைச் சத்தத்தை மீறிக் கேட்டது. தெருவில் ஒரு மனிதர் இல்லை. மூன்று மணிக்கும் இல்லை. சாவடிக்குள் இருந்த அதிகாரிகள் வாசலுக்கு வந்து கொட்டாவி விட்டார்கள். கதாநாயகி அழுகிறாள், ஜன்னல் ஜன்னலாக அழுகிறாள். அண்ணாச்சி அதே இடத்தில் நின்றார், விறைப்பாக, காலைச் சேர்த்துவைத்து.

சுதீஷுக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் ஓடினான்.

"அண்ணா, லைன் ஒண்ணு ஆஃப் ஆக்கட்டா? அரை மணிக்கூர் மதி, போதும். ஆளுகள் தன்னால இறங்கி வரும்."

அண்ணாச்சி அவனைப் பார்க்கவில்லை, தெருவைத்தான் பார்த்தார். "எனக்க லைன நானே அறுக்கதுக்கா உனக்கு வேலை தந்தது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சுதீஷ் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் காற்று அடித்தது. பாகீரதி மாமி வீட்டுக் கொல்லையில் உள்ள தென்னையிலிருந்து மட்டை ஒன்று முறிந்து விழுந்த சத்தம் கேட்டது. தெருவுக்கான மெயின் லைன் அந்த மாடி வழியாகத்தான் போனது. அடுத்த நொடி தெரு அமைதியாகிவிட்டது. எல்லா ஜன்னலிலும் ஒரே சமயத்தில் படம் நின்றது.

அப்போதுதான் நான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். கதவு கதவாகத் திறந்தது. வாசலுக்கு வந்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள். கேபிள் போயிடுத்தா, உங்காத்திலயுமா, கரண்ட் இருக்கே. சும்மா நின்றவர்களுக்கு அப்போதுதான் அன்றைக்கு என்ன நாள் என்பது ஞாபகம் வந்தது. பாகீரதி மாமிதான் முதலில் குடையை விரித்தாள். கேபிள் வர்ற வரைக்கும் ஓட்டாவது போட்டுட்டு வந்துடலாமே என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கினாள். அவளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் இறங்கினார்கள். பின்னால் இன்னும் நாலு வீடு, ஐந்து வீடு. தெரு நிறையக் குடைகள் எங்களை நோக்கி வந்தன. சுதீஷ் கோயில் பக்கம் திரும்பி நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

அண்ணாச்சியிடம் சொல்லத் திரும்பினேன். வாசலில் அவர் இல்லை.

எங்கே போயிருப்பார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கொல்லைச் சந்து வழியாக ஓடினேன். சேறு, ஓடைத் தண்ணீர், செருப்பு ஒன்று போய்விட்டது. மாமி வீட்டுக் கிணற்றடியில் ஏணி சாத்தியிருந்தது. அவர் மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு காலும் மாடியில் ஒரு காலுமாக நின்றுகொண்டு கம்பியை உள்ளங்கையில் விட்டு உருவிக்கொண்டிருந்தார். மட்டை விழுந்த இடத்தில் கம்பி முடிந்தது.

"அண்ணாச்சி, பத்து நிமிஷம் பொறுங்க. தெருவே கிளம்பி வருது. உங்களுக்குப் போடத்தான் வர்றாங்க. இறங்குங்க" என்று கத்தினேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். முகத்தில் மழை வழிந்துகொண்டிருந்தது. நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகப் புரிந்தது. அந்தக் கண்ணை நான் பார்த்தேன்.

"லைன் அறுந்து கெடக்கு டீச்சரே. கையில வச்சுக்கிட்டு எப்பிடிப் பாத்துட்டு நிக்கது?"

பல்லால் கம்பியின் தோலைச் சீவினார். முறுக்கினார். மேலே சட்டையைப் பொத்திப் பிடித்து மழை படாமல் டேப் சுற்றினார். அந்தக் கை எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிறகு வழக்கம்போல உள்பக்கம் பார்த்து "தெரியுதா?" என்று கத்தினார்.

வீட்டில் தங்கியிருந்த மாமியின் பேத்தி உள்ளேயிருந்து, "தெரியறது! பாட்டி, வந்துடுத்து!" என்று கூவிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

நான் தெருவுக்கு வந்தபோது குடைகள் திரும்பிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தை ஏறக்குறைய எட்டிவிட்ட சிலர் மட்டும் இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று உள்ளே போனார்கள். பாகீரதி மாமியை வழியில் மறித்தேன். ரயில் நிலையக் காட்சி போயிடப்போறது, ஐந்து மணி வரைக்கும் இருக்கே, முடிஞ்சதும் வந்துடறேன் என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். ஆனால் படம் முடிந்து, கண்ணைத் துடைத்து, முகம் கழுவி, புடவை மாற்றி அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது கதவை அடைத்துவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் தெரு முழுக்க நின்றது. அண்ணாச்சி ஈரச் சட்டையோடு எல்லோரையும் பார்த்துக் கை கூப்பினார். பரவாயில்லை, பரவாயில்லை என்று அவர்தான் அவர்களுக்குச் சொன்னார்.

எண்ணிக்கையன்று முப்பது சொச்சம் ஓட்டில் தோற்றார். இரண்டாவது இடம். ஒரு பெரிய கட்சியை மூன்றாவதாகத் தள்ளியிருந்தார். எண்ணுகிற இடத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர்கூட வந்து பெயர் கேட்டார். எங்கள் தெருவில் மட்டும் மத்தியானம் வர வேண்டியிருந்த ஓட்டு அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். ஜெயித்தவருக்கு அண்ணாச்சி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடித்தோம். சுற்றிலும் ஜெயித்த கட்சிக்காரர்கள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இத எப்பிடி எடுக்கணும் டீச்சரே?" என்று கேட்டார். "ஊருக்காரன்னா, இல்லியான்னா?"

ஏன் மேலே ஏறினீர்கள் என்று திட்ட வாயெடுத்தேன். டீ கிளாஸைப் பிடித்திருந்த கையில் கம்பி கிழித்த காயத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் வந்தது. நான் அங்கேதான் இருந்தேன், மனுஷரைத் தனியாக விட மனமில்லாமல். பாகீரதி மாமி. அவள் குரல் எப்போதும் போனுக்கு வெளியிலும் கேட்கும்.

"கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்காதேள். நீங்க ஜெயிச்சுட்டா கேபிளை யாரிட்டயாவது குடுத்துட்டுப் போயிடுவேளோன்னு நாங்க எல்லாரும் பயந்துண்டிருந்தோம். நல்ல வேளை, போங்கோ. அப்பறம் அன்னிக்கு நடுவிலே கொஞ்சம் போயிடுத்தே, அந்த லெட்டர் கிடைக்கிற இடம், அதை இன்னொரு தடவை போடுவேளா?"

ரிசீவரைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். அண்ணாச்சி கையை உயர்த்தி என்னை உட்காரச் சொன்னார். மாமி அன்பாகத்தான் சொன்னாள், அதுதான் கொடுமை.

"ஞாயிறாழ்ச்ச போடுதேன் மாமி" என்றார் அவர். ரிசீவரை வைத்துவிட்டு, காகிதத்தை எடுத்து ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பை எழுத ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்ஸ்டிட்யூட் கிடையாது. ஆனாலும் இரண்டு மணிக்கு மேலே போனேன். எலிசாள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் கேசட் அட்டைகள் இருந்தன. அவர் அவற்றை எடுத்து எனக்கு இடம் கொடுத்தார். இரண்டு பேரும் சின்ன மானிட்டரில் படம் பார்த்தோம். நல்ல படம் என்றுகூடச் சொல்ல முடியாது. அழுகை ஜாஸ்தி. தெரு முழுவதும் அதே வசனம் கேட்டது.

லெட்டர் கிடைக்கிற இடம் வந்தது. அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். அன்றைக்கு இந்த இடம் ஓடும்போது அவர் மாமி வீட்டு மாடியில் இருந்தார். தங்கை தபால்காரனிடம் லெட்டரை வாங்குகிறாள், பிரிக்கிறாள், உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. இதுதானா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார்.

ஏதாவது கோளாறா என்று எட்டிப் பார்த்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. மழைகூட இல்லை. மொட்டைமாடிச் சுவரோரம் நின்று, தான் இழுத்த கம்பிகள் போகிற திசையில் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, கையை வாயில் குவித்து, "தெரியுதா?" என்று கத்தினார்.

எந்த வீட்டிலிருந்தும் பதில் வரவில்லை. எல்லோர் வீட்டிலும் படம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

தெரியுது அண்ணாச்சி என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது என்னை இல்லை.